பதவியைக் குறைக்கிறோம், இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள்: என்னென்ன வழிகள் உண்டு?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் வேலை. இப்போது குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கி, சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். விருப்பமில்லை என்றால் ராஜினாமா செய்யலாம், இல்லாவிட்டால் பணிநீக்கம்தான் என்று எச்ஆர் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

இரண்டே வழிதான் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. ஏற்றுக்கொள்ளலாம். நிபந்தனை போட்டு ஏற்கலாம். ஆட்சேபத்தை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு வேலையைத் தொடரலாம். மறுத்துவிட்டு, முடிவை அவர்களே எடுக்கட்டும் என்று விடலாம். பேசி, ஒரு தொகையும் நல்ல சான்றும் வாங்கிக்கொண்டு விலகலாம். இவற்றில் எது சரி என்பது உங்கள் சேமிப்பு, வயது, வெளியே வேலை கிடைக்கும் வாய்ப்பு, உங்கள் நாட்டுச் சட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆனால் அழைத்த அறையிலேயே ராஜினாமாவில் கையெழுத்திட்டுவிட்டால் இந்த ஐந்தில் பெரும்பாலானவை அடைபட்டுப் போகும். அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்.

அந்த அறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "கடிதத்தின் நகலைக் கொடுங்கள், படித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன். எத்தனை நாள் அவகாசம்?" வாதாட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், கோபத்தில் "சரி, நான் போகிறேன்" என்றும் சொல்ல வேண்டாம். வாய்ச்சொல்லையே ராஜினாமாவாக எடுத்துக்கொண்டு, மறுநாள் "உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம்" என்று மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. கடிதம் கிடைத்ததற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால் போடலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் இப்படி எழுதுங்கள்: "நகலைப் பெற்றுக்கொண்டேன். இதில் உள்ளவற்றுக்கு இது சம்மதம் ஆகாது." அதோடு தேதியும் நேரமும். இணையப் படிவத்தில் "ஏற்கிறேன்" என்ற பொத்தான் மட்டுமே இருந்தால் அதை அழுத்தாமல், இதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

என்ன நடக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

பதவியிறக்கம் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

முதலாவது, ஒழுங்கு நடவடிக்கை. நீங்கள் தவறு செய்தீர்கள் என்று சொல்லித் தண்டனையாகப் பதவியைக் குறைப்பது. இதற்கு முன்னால் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், பல இடங்களில் உள்விசாரணையும் நடத்த வேண்டும். நேராகத் தண்டனைக் கடிதம் வந்தால் அந்த நடைமுறைக் குறையே உங்களுடைய முதல் ஆட்சேபம். 1982-இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை, பணிநீக்கத்துக்குத் தகுந்த காரணம் வேண்டும், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும், முடிவை எதிர்த்து நடுநிலையான அமைப்பிடம் முறையிட வழி வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் விளக்கம் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற கருத்து, ஏற்காத பல நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் உண்டு.

இரண்டாவது, திறன் போதவில்லை என்ற காரணம். மூன்றாவது, மறுசீரமைப்பு: உங்கள் மேல் குறை எதுவும் இல்லை, அந்தப் பதவியே இனி இல்லை. நான்காவது, வெளியே சொல்லப்படும் காரணம் ஒன்று, உண்மைக் காரணம் வேறு. மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பிய மாதத்தில், பாலியல் தொல்லை குறித்துப் புகார் கொடுத்த பிறகு, தொழிற்சங்கத்தில் சேர்ந்த பிறகு, கணக்கில் முறைகேட்டைச் சுட்டிக்காட்டிய பிறகு திடீரென்று உங்கள் திறன் குறைந்துவிட்டதாகக் கடிதம் வந்தால், தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வழக்கென்று வந்தால் பெரும்பாலும் பேசப்போவது அந்தத் தேதி வரிசைதான். இந்த நான்காவது வகைக்குப் பல நாடுகளில் தனிப் பாதுகாப்பு உண்டு, அதற்கென்று தனிப் புகார் வழியும் உண்டு.

கடிதத்தில் காரணமே இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்: "இந்த மாற்றம் ஒழுங்கு நடவடிக்கையா, திறன் மதிப்பீட்டின் விளைவா, மறுசீரமைப்பா? எந்த விதியின் கீழ், எந்தத் தேதியிலிருந்து?" இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் வரும் பதில் பின்னால் மிகவும் பயன்படும். இன்று மறுசீரமைப்பு என்று எழுதியவர்கள் ஆறு மாதம் கழித்து "அவருக்குத் திறமை போதவில்லை" என்று சொல்வது கடினம். மறுசீரமைப்பு என்று சொல்லிவிட்டு அதே வேலைக்கு வேறொருவரை அமர்த்தினாலும் அப்படித்தான். அந்த ஆள்சேர்ப்பு விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

எது மாறுகிறது என்பதையும் தனித்தனியே பாருங்கள். பெயர்ப் பலகை மாறுவது வேறு, அடிப்படைச் சம்பளம் மாறுவது வேறு. பதவிப் பெயரோ யாரிடம் அறிக்கை தருவது என்பதோ மட்டும் மாறினால் எதிர்த்துப் போராட இடம் குறைவு. நிர்வாகத்துக்கு அந்த அளவு அதிகாரம் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். சம்பளத்தை ஒருதலையாகக் குறைப்பதற்குப் பெரும்பாலான சட்டங்களில் உங்கள் சம்மதமோ, முன்னறிவிப்போ, இரண்டுமோ தேவைப்படும். இந்தியச் சட்டத்தில், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் ஊதியம் போன்ற பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். "உங்கள் பதவியே மேலாளர், நீங்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டீர்கள்" என்று சொல்வார்கள். பதவியின் பெயரை வைத்து அதை முடிவு செய்வதில்லை. உண்மையில் செய்த வேலை என்ன, ஆள் எடுக்கவும் நீக்கவும் விடுப்புத் தரவும் அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு நாளில் சேர்க்க வேண்டிய தாள்கள்

பணிநீக்கம் அறிவிக்கும் நிமிடத்திலேயே மின்னஞ்சலும் எச்ஆர் தளமும் பூட்டப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சம்பளச் சீட்டுகள் எல்லாம் அந்தத் தளத்தில்தான் இருக்கும். ஆகவே பேச்சு அடிபடத் தொடங்கும்போதே எடுத்து வையுங்கள்: நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாம், கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள், ஆண்டு மதிப்பீடுகள், பாராட்டு வந்த மின்னஞ்சல்கள், மீதமுள்ள விடுப்பு நாட்கள் காட்டும் பக்கம், போனஸ் திட்டத்தின் விதிகள், பணியாளர் விதிமுறைக் கையேடு, பங்கு ஒதுக்கீடு இருந்தால் அதன் ஆவணம், காப்பீட்டு அட்டை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. உங்களைப் பற்றிய தாள்களை எடுப்பது வேறு, நிறுவனத்தின் தாள்களை எடுப்பது வேறு. வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம், நிரல், மற்றவர்களின் சம்பளம் ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், வலுவான காரணம் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கு நீங்களே காரணத்தைக் கையில் கொடுத்ததாகிவிடும். பாராட்டு மின்னஞ்சலிலேயே வாடிக்கையாளரின் ரகசியத் தகவல் இருந்தால் அனுப்ப வேண்டாம். தேதி, அனுப்பியவர், பொருள் ஆகியவற்றை மட்டும் குறித்துவைத்தால் போதும். தேவைப்படும்போது அந்த மின்னஞ்சலைக் கொண்டுவரும்படி தீர்ப்பாயத்தின் வழியாகக் கேட்கலாம். கணினியிலிருந்து எதையும் அழிக்கவும் வேண்டாம்.

வாயால் பேசப்பட்ட ஒவ்வொன்றையும் அன்றைக்கே எழுத்தாக்குங்கள். கூட்டம் முடிந்த சில மணி நேரத்துக்குள் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு சிறு மின்னஞ்சல்: "இன்று காலை 11 மணிக்கு நடந்த கூட்டத்தில், புதிய கடிதத்தில் கையெழுத்திடாவிட்டால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று தெரிவிக்கப்பட்டது. நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, அவகாசம் கேட்டேன். இதில் பிழை இருந்தால் தெரிவியுங்கள்." மறுப்பு வராவிட்டால் இது நல்ல ஆதாரம். மறுப்பு வந்தாலும், நீங்கள் ராஜினாமா செய்ய விரும்பவில்லை என்பது அன்றைய தேதியிலேயே பதிவாகிவிடும். பேச்சை ரகசியமாக ஒலிப்பதிவு செய்வது சில இடங்களில் குற்றம், சில இடங்களில் ஆதாரம், வேறு சில இடங்களில் நிறுவன விதிமீறல். உள்ளூர்ச் சட்டத்தை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அதைச் செய்ய வேண்டாம். மின்னஞ்சலில் அந்த ஆபத்து எதுவும் இல்லை.

பதவியிறக்கத்தை ஏற்பதாக இருந்தால்

ஏற்பது கோழைத்தனம் அல்ல. வீட்டுக்கடன் ஓடுகிறது, நடுவில் சிகிச்சை நடக்கிறது, துறையே மந்தமாக இருக்கிறது என்றால், உள்ளே இருந்துகொண்டே வெளியே தேடுவது நல்ல முடிவு. ஆனால் வெறுமனே கையெழுத்திட்டு ஏற்றால் இரண்டு முறை இழப்பீர்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஆட்குறைப்பு இழப்பீடு, நோட்டீஸ் காலச் சம்பளம், சில ஓய்வூதியத் திட்டங்கள் எல்லாம் கடைசியாக வாங்கிய சம்பளத்தையோ கடைசிச் சில மாதச் சராசரியையோ வைத்துத்தான் கணக்கிடப்படும். மாதம் 60,000 வாங்கியவர் 40,000-க்கு இறங்கச் சம்மதிக்கிறார், ஆறு மாதத்தில் அவரையே ஆட்குறைப்பில் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 8 ஆண்டுக்கு நான்கு மாதச் சம்பளம். பழைய சம்பளத்தில் அது 2,40,000, புதிய சம்பளத்தில் 1,60,000. ஆறு மாதமாகக் குறைவாக வாங்கிய 1,20,000-த்தையும் சேர்த்தால் 2,00,000 போய்விட்டது, வேலையும் போய்விட்டது. எனவே ஏற்கும் கடிதத்தில் ஒரு வரி கேளுங்கள்: "இன்றிலிருந்து 18 மாதத்துக்குள் நிறுவனம் என் பணியை முடித்தால், எல்லா இறுதிப் பலன்களும் முந்தைய சம்பளத்தின்படி கணக்கிடப்படும்." 12 மாதத்துக்காவது வாங்கப் பாருங்கள். உங்களை அனுப்பும் எண்ணம் உண்மையிலேயே இல்லாத நிர்வாகத்துக்கு இந்த வரியால் செலவு எதுவும் இல்லை. இதற்கே பிடிவாதமாக மறுத்தால், பதவியிறக்கம் முதல் படி மட்டுமே என்று எடுத்துக்கொண்டு வெளியே தேடத் தொடங்குங்கள்.

இன்னும் கேட்கக் கூடியவை: சம்பளக் குறைப்பை ஒரே அடியாக இல்லாமல் படிப்படியாகச் செய்வது, பழைய சம்பளத்தையே ஆறு மாதமோ ஒரு வருடமோ உயர்வின்றித் தொடர்வது, மீண்டும் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கும் தேதி, அதற்கு எட்ட வேண்டிய இலக்குகள், வெளியே பயன்படுத்தும் பதவிப் பெயர் மாறாமல் இருப்பது, வேறு பிரிவுக்கு அதே நிலையில் மாற்றம். குறைந்த சம்பளத்துக்கு ஏற்ப வேலையும் குறைகிறதா என்றும் கேளுங்கள். பழைய பொறுப்பு முழுவதையும் புதிய சம்பளத்தில் செய்ய வைப்பது பரவலாக நடக்கிறது; பொறுப்புப் பட்டியலை எழுத்தில் வாங்கினால்தான் அதைத் தடுக்க முடியும்.

ஏற்க மனமில்லை, வேலையை விடவும் வழியில்லை என்றால் ஆட்சேபத்துடன் தொடருங்கள். கடிதம் இவ்வளவு போதும்: "என் பதவியையும் சம்பளத்தையும் குறைக்கும் இந்த முடிவுக்கு நான் சம்மதிக்கவில்லை. வேலையை இழக்கும் நிலை வரக்கூடாது என்பதற்காக மட்டுமே புதிய பொறுப்பில் பணியாற்றுகிறேன். இது என் உரிமைகளை விட்டுக்கொடுத்ததாகாது. முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதை எழுதாமல் மூன்று நான்கு மாதம் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால், உங்கள் நடத்தையே சம்மதம் என்று பின்னால் வாதாடுவார்கள், அந்த வாதம் எடுபடவும் செய்யும். ஒரு முறை எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், சம்பளம் குறைந்து வரும் முதல் மாதத்தில் ஒரு நினைவூட்டலும் அனுப்புங்கள்.

ராஜினாமாவா, பணிநீக்கமா

"பணிநீக்கம் என்று பதிவானால் எங்கேயும் வேலை கிடைக்காது, ராஜினாமா செய்தால் கௌரவமாகப் போகலாம்." பயமுறுத்தப் பயன்படும் வாசகங்களில் இதுதான் அதிகம் வேலை செய்கிறது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு: மோசடி, திருட்டு போன்ற ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் அது நிழல்போல் தொடரும். ஆனால் ஆட்குறைப்போ பதவி ஒழிப்போ அப்படி அல்ல. பின்னணிச் சரிபார்ப்பில் பெரும்பாலும் கேட்பது வேலை செய்த தேதிகளும் பதவியும்தான். மீண்டும் எடுத்துக்கொள்வீர்களா என்று சிலர் கேட்பார்கள். அங்கே என்ன பதில் தரப்படும் என்பதையும் பேரத்தில் சேர்த்து எழுத்தில் வாங்கலாம்.

மறுபக்கம் ராஜினாமாவின் விலை பெரியது. நீங்களாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. பல நாடுகளில் வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது, அல்லது சில வாரங்களோ மாதங்களோ தள்ளிப்போகும். நோட்டீஸ் காலத்தை அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியதற்குப் பதிலாக நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டியதாகிவிடும். வேலையிழப்புக் காப்பீடு எடுத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் செல்லாது. வழக்குத் தொடரும்போது, உங்களை வெளியேற்றினார்கள் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும்.

சில நாடுகளின் சட்டம், வேலையைத் தொடரவே முடியாதபடி நிர்வாகம் ஒப்பந்தத்தை அடியோடு மீறியதால் ஒருவர் விலக நேர்ந்தால், அதை மறைமுகப் பணிநீக்கமாக ஏற்றுக்கொள்கிறது. காரணமில்லாமல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது அந்த வரம்புக்குள் வரக்கூடும். ஆனால் இந்த வழியில் போய்த் தோற்பவர்கள் அதிகம். காரணங்கள் தெளிவானவை. முதலில் எழுத்தில் புகார் கொடுக்காமலே விலகிவிடுகிறார்கள். அல்லது பல மாதம் பொறுத்திருந்து விலகுகிறார்கள், அப்போது ஏற்றுக்கொண்டதாகிவிடுகிறது. அல்லது ராஜினாமாக் கடிதத்தில் மரியாதைக்காக "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், வாய்ப்புக்கு நன்றி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி வழக்கையே முடித்துவிடும். இந்த வழியில் போவதாக இருந்தால் உண்மைக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுத வேண்டும். அதை அனுப்புவதற்கு முன், அனுப்பிய பிறகல்ல, தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே மிரட்டலில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இன்றே திரும்பப் பெறுங்கள். "நேற்று மாலை என்னிடம் வாங்கப்பட்ட ராஜினாமா என் விருப்பத்தின்படி தரப்பட்டதல்ல. அந்தச் சூழ்நிலை இது" என்று நடந்ததைச் சுருக்கமாக எழுதி, "அதைத் திரும்பப் பெறுகிறேன், பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன்" என்று முடியுங்கள். நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டு கடிதம் தருவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் பலம் அதிகம். ஒரு வாரம் கழித்து எழுதினால் யோசித்து மனம் மாறியதாகவே தெரியும். மறுநாள் வேலைக்குப் போய், வாசலில் தடுத்தால் அந்த நேரத்தைக் குறித்து, அதையும் மின்னஞ்சலில் எழுதுங்கள்.

அதேபோல, மன உளைச்சலில் சொல்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். தகவல் இல்லாத தொடர் விடுப்பை, தானாக வேலையைக் கைவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள். உடல்நிலை சரியில்லையென்றால் மருத்துவச் சான்றோடு விடுப்புக் கேட்டு, அனுப்பியதற்கான பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.

திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று 30, 60, 90 நாள் கெடு வைத்தால், அது உண்மையாக இருக்கலாம், பணிநீக்கத்துக்கான ஆவணத் தயாரிப்பாகவும் இருக்கலாம். இலக்குகளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். "விற்பனை அழைப்புக்கு 24 மணி நேரத்தில் பதில்" என்பதை அளக்க முடியும். "தலைமைப் பண்பை வெளிப்படுத்த வேண்டும்" என்பதை யாராலும் அளக்க முடியாது. அப்படிப்பட்ட இலக்குக்கு அளவுகோல் கேட்டு எழுதுங்கள், வாரம் ஒரு முறை நீங்கள் செய்ததை எண்ணிக்கையோடு அனுப்புங்கள், உங்கள் கையில் இல்லாத தடைகளையும் அந்தந்த வாரமே சொல்லுங்கள். கெடு முடிந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் படும்.

பேரம்

வெளியேறுவது உறுதியாகிவிட்டால், மீதி எல்லாம் எந்த நிபந்தனையில் வெளியேறுவது என்பதுதான். இங்கே ஒரு கண்கட்டு வித்தை வழக்கமாக நடக்கிறது. "உங்களுக்கு ஐந்து மாதச் சம்பளத்துக்கு இணையான தொகை தருகிறோம்" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் நோட்டீஸ் காலத்துக்கு இரண்டு மாதம், எடுக்காத விடுப்புக்கு ஒரு மாதம், ஈட்டி முடித்த போனஸ் ஒரு மாதம். இந்த நான்கு மாதத் தொகையும் கையெழுத்து இல்லாமலே உங்களுக்குச் சேர வேண்டியது. உங்கள் உரிமைகளை விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் உண்மையில் தருவது ஒரு மாதம்தான். தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: எப்படியும் வர வேண்டியது, கூடுதலாகத் தருவது. இரண்டாவது பத்தியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

முதல் பத்தியில் வர வேண்டியவை: கடைசி நாள் வரையான சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், விடுப்புப் பணம், செலவுத் தொகை பாக்கி, விகிதப்படி போனஸ் அல்லது கமிஷன், பணிக்கொடை, சட்டப்படியான இழப்பீடு. இந்தியாவில் தொழிலாளி வரையறைக்குள் வருபவருக்கு, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஆட்குறைப்பு இழப்பீடாகத் தர வேண்டும். பணிக்கொடை அதற்கு மேல் தனி. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் ஏமாற வேண்டாம்.

தொகையைக் கூட்ட முடியாது என்று சொல்லும் நிர்வாகம் வேறு விஷயங்களில் இறங்கி வரும். கடைசித் தேதியைத் தள்ளிப்போடுவது பல நேரம் பணத்தைவிட மதிப்புள்ளது: பணிக்கொடைக்கான ஐந்தாம் ஆண்டு முடியவோ, பங்கு ஒதுக்கீட்டின் அடுத்த தவணை வரவோ, போனஸ் தேதி தாண்டவோ மூன்று வாரம்தான் இருக்கலாம். மருத்துவக் காப்பீட்டைச் சில மாதம் தொடர்வது, பயிற்சி ஒப்பந்தத் தொகையையும் சேர்ந்தபோது கொடுத்த போனஸையும் திருப்பிக் கேட்காமல் விடுவது, போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடையை நீக்குவது, சான்றின் வாசகத்தை முன்பே ஒத்துக்கொள்வது என்று பலவற்றைக் கேட்கலாம்.

கையெழுத்துக் கேட்கும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்ற பத்தி இருக்கும். கூடுதல் தொகைக்கு அவர்கள் விலையாகக் கேட்பது அதைத்தான். பணம் வரும் தேதி, தவறினால் அந்த விட்டுக்கொடுப்பு செல்லாது என்ற நிபந்தனை, இரண்டும் அதில் இருக்கட்டும். நேரமும் கேளுங்கள். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வயது அடிப்படையிலான பாகுபாட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், யோசிக்க 21 நாள், பலரை ஒன்றாக அனுப்பினால் 45 நாள், கையெழுத்திட்ட பிறகும் திரும்பப் பெற 7 நாள் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரிடம் காட்ட ஒரு வாரம் கேட்பது நியாயமான கோரிக்கை. இன்று மாலைக்குள் என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், கெடுதான் நீளும்.

கெடு தேதிகள்

நல்ல வழக்கை வைத்திருந்தும் பலர் இழப்பது இங்கேதான். பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடும் கால வரம்பு நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. ஜெர்மனியில் பணிநீக்கக் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 3 வாரம். ஆஸ்திரேலியாவில் 21 நாள். சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம். மலேசியாவில் 60 நாள். இலங்கையில் தொழில் நியாய சபைக்கு 6 மாதம். பிரான்ஸில் 12 மாதம். உள்ளே மேல்முறையீடு செய்திருக்கிறேன், அதன் முடிவு வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. பல நாடுகளில் அதற்காகக் கால வரம்பு நிற்பதில்லை. "பேசிக்கொண்டிருக்கிறோம், அவசரப்படாதீர்கள்" என்று நிர்வாகம் இனிமையாகச் சொல்லிக்கொண்டே கெடுவைத் தாண்ட வைப்பதும் உண்டு. பேச்சு நடக்கட்டும், மனுவையும் கொடுத்துவிடுங்கள். சமரசமானால் திரும்பப் பெறலாம்.

எங்கே போவது? சங்கம் இருந்தால் முதலில் அங்கே. சேராதவராக இருந்தாலும் இப்போது சேரலாம், ஆனால் ஏற்கெனவே தொடங்கிய பிரச்சினையைச் சில சங்கங்கள் எடுத்துக்கொள்ளாது. அடுத்து அரசின் தொழிலாளர் துறை. அங்கே சமரசப் பேச்சுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வழக்கறிஞரை முதல் முறை பார்க்கப் போகும்போது தேதி வரிசைத் தாள் ஒன்றும் ஆவணக் கோப்பும் கொண்டுபோங்கள். மூன்று கேள்வி கேட்டால் போதும்: என் வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் வரும், கெடு எந்தத் தேதி, வென்றால் கிடைக்கக்கூடியது எவ்வளவு. மூன்றாவது கேள்வியின் பதில்தான் பேரத்தில் உங்கள் அடித்தளம். இரண்டு ஆண்டு நடந்து ஆறு மாதச் சம்பளம் கிடைக்கும் வழக்கு என்றால், இன்று நான்கு மாதம் தருவதை வாங்கிக்கொள்வது தோல்வி அல்ல.

நிறுவனத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதுவதையும், சக ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் கொட்டித் தீர்ப்பதையும் இந்தக் காலம் முடியும் வரை தள்ளி வையுங்கள். அந்தக் குழுவின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) எச்ஆர் கோப்பில் வந்து உட்காரும்.

வேலை விசாவில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முந்தியது கடைசித் தேதி. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்த பிறகு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், அனுமதிக் காலம் அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். மொத்தத் தொகையாக இரண்டு மாதச் சம்பளம் வாங்குவதைவிட, அதே இரண்டு மாதம் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்படி கேட்பது அவர்களுக்கு நல்லது. ஆனால் வேலை எதுவும் தராமல் பெயரை மட்டும் வைத்திருக்கும் காலத்தைக் குடிவரவுத் துறை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை, சம்மதிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக் கணக்கில் மூன்று காரியம் உடனே: குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது என்று பார்த்து, அதற்கு முன் சொந்தக் காப்பீடு எடுப்பது. கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுவது. தவறிய பிறகு கேட்டால் சலுகை கிடைப்பது கடினம். கைக்கு வந்த மொத்தத் தொகையில் வரி போக மீதியை மாதச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதி வைப்பது. இதை வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்தே செய்யுங்கள். மறைத்து வைத்துத் தினமும் காலையில் கிளம்பிப் போவது இந்த நாட்களை இன்னும் கடினமாக்கும்.

அடுத்த நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்று கேட்பார்கள். "மறுசீரமைப்பில் என் பதவி நீக்கப்பட்டது, குறைந்த பொறுப்பு ஒன்றைத் தந்தார்கள், என் அனுபவத்துக்கு ஏற்ற வேலையைத் தேடுகிறேன்" என்று இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, அவர்கள் தரும் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். பழைய சம்பளம் கேட்டால் குறைக்கப்படுவதற்கு முந்தைய தொகையைச் சொல்லலாம், அது எந்த மாதம் வரை வாங்கியது என்பதையும் சேர்த்து. சம்பளச் சீட்டைக் கேட்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.